கேரக்டர் ஷீட்டை அச்செடுத்தும் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாடும் இளைஞர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்த விளையாட்டுக்குத் தமிழ்ப் பத்திரிகையில் அரைப் பக்கம் கிடைத்ததே சந்தோஷம். ஆனால், கேரக்டர் ஷீட் எல்லாம் போனுக்கே வந்துவிட்டது, இனி பேப்பர் பென்சிலுக்கு வேலை இல்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் சிவகாசிக்காரன். கையால் அச்சுக்கோர்த்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, டிடிபி வந்ததும் அதையும் கற்றுக்கொண்டு ஓய்வுபெற்றவன். பில் புக், வருகைப் பதிவேடு, ராங்க் கார்டு என்று கட்டம் போட்ட தாள்களோடுதான் என் வேலைக்காலம் போனது. பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு பொங்கல் லீவுக்குத் தோழிகளோடு வந்திருந்தாள். விளையாட ஆள் குறைகிறது என்று என்னையும் உட்கார வைத்தாள். அன்று முதல் நான் ஒரு குள்ள இனத்துப் பூசாரி. பெயர் மாடசாமி. கையில் கதாயுதம், மறு கையில் கேடயம். (அரிவாள்தான் கேட்டேன், ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரான மகள் மறுத்துவிட்டாள்.)

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்ட விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதை 20 முகப் பகடை முடிவு செய்யும். நம் கதாபாத்திரத்தின் பலம், பலவீனம், கையிருப்பு, தெரிந்த மந்திரம் எல்லாம் எழுதியிருக்கும் தாள்தான் கேரக்டர் ஷீட்.

அந்தத் தாளை முதலில் பார்த்தபோது தொழில்காரன் புத்தி முழித்துக்கொண்டது. ஒரு கட்டத்தின் எண் இன்னொரு கட்டத்துக்குப் போகிறது, அங்கிருந்து மூன்றாவதற்குப் போகிறது. மாடசாமியின் வலிமை 14. அதில் 10-ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் கூட்டெண் 2. ஐந்தாம் லெவலில் பயிற்சிக்கான கூட்டெண் 3. இரண்டும் சேர்ந்து 5. ஆக, கதாயுதத்தால் அடிக்கும்போது பகடையில் விழுவதோடு 5 கூட்ட வேண்டும். விவேகம் 16, அதன் கூட்டெண் 3. அதோடு பயிற்சியின் 3, அடிப்படை 8, மொத்தம் 14. என் மந்திரத்திலிருந்து எதிரி தப்ப வேண்டுமானால் அவன் 14-ஐத் தொட வேண்டும்.

இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு விளையாட்டு பாதி புரிந்துவிடும். போனில் இது ஒரே தட்டில் முடிந்துவிடுகிறது. நான்காம் லெவலிலிருந்து ஐந்தாம் லெவலுக்கு ஏறினால் பயிற்சி எண் 2-லிருந்து 3 ஆகும். தாளில் அடிக்கிற கட்டம், தப்பிக்கிற கட்டம், திறமைகள், மந்திரம் என்று ஊர்ப்பட்ட கட்டங்களை அழித்து எழுத வேண்டும், அதில் ஒன்று நிச்சயம் விட்டுப்போகும். ஆப்பில் விட்டுப்போகாது. இதை நான் மறுக்கவே இல்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், என் வயதுக்கு அதுவே பெரிய உபகாரம். மகள் பெங்களூரில் இருந்தபடி எல்லோருடைய ஷீட்டையும் பார்த்துக்கொண்டு வீடியோ காலில் ஆட்டத்தை நடத்துகிறாள். பேப்பர் மட்டும்தான் என்றால் பண்டிகைக்குப் பண்டிகைதான் எனக்கு விளையாட்டு.

"எண்ணைத் தட்டுங்கப்பா, எப்படி வந்துச்சுன்னு அதுவே காட்டும்" என்பாள் மகள். காட்டும்தான். ஆனால் தட்டிப் பார்க்கிறவர் யார்? மேஜையில் புதிதாக உட்காரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன், "ஏன் 5?" என்றால் "ஆப்ல அப்படித்தான் இருக்கு" என்கிறார்கள். முதல் கதாபாத்திரத்தை மட்டுமாவது பென்சிலால் எழுத வைத்தால் இந்தப் பதில் வராது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. அந்த ஷீட் யாருடையது?

இன்று பலர் பயன்படுத்துவது டி அண்டு டி பியாண்ட் என்ற இணையதளமும் அதன் ஆப்பும். 2017-ல் தொடங்கியது. விளையாட்டின் சொந்தக்காரரான ஹாஸ்ப்ரோ அதை 2022-ல் 14.63 கோடி டாலருக்கு வாங்கியது. 2024-ல் விளையாட்டின் விதிப் புத்தகம் திருத்தி எழுதப்பட்டது. புத்தகத்தைத் திருத்துவது அவர்கள் உரிமை, அதில் வழக்கில்லை. ஆனால் அந்த ஆகஸ்ட்டில் ஓர் அறிவிப்பு வந்தது: ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்களின் ஷீட்டிலும் பழைய மந்திரங்களுக்குப் பதில் புதியவை வந்துவிடும், பழையதுதான் வேண்டும் என்றால் நீங்களே கையால் உள்ளிட்டுக்கொள்ளுங்கள் என்று. பழைய புத்தகத்தை அதே தளத்தில் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் இதே கதி. எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே நிறுவனம் பின்வாங்கியது, பழையதும் இருக்கட்டும் என்றது.

மாடசாமியின் காயம் ஆற்றும் மந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் வந்த பழைய விதிப்படி ஓர் எட்டு முகப் பகடை உருட்டி 3 கூட்ட வேண்டும். 2024 விதிப்படி இரண்டு பகடை. எனக்கு லாபம்தான்! ஆனாலும் பாதிக் கதையில், நாங்கள் யாரும் கேட்காமல், எங்கோ இருக்கிற ஒரு கம்பெனி என் தாளில் கை வைக்கலாம் என்பது எனக்கு ஒப்பவில்லை. கடைக்காரரிடம் பில் புக் விற்ற அச்சகம், மறுவாரம் வந்து அவர் எழுதிய பில்லில் விலையை மாற்றினால் விடுவாரா?

பின்வாங்கிவிட்டார்களே, பிறகென்ன என்பீர்கள். இதே விளையாட்டின் நான்காம் பதிப்பு 2008-ல் வந்தது. அதற்கும் கதாபாத்திரத்தை உருவாக்க கேரக்டர் பில்டர் என்று ஒரு மென்பொருள் கொடுத்தார்கள். முதலில் அவரவர் கணினியில் இறக்கிவைத்துக்கொள்ளும்படி இருந்தது. 2010-ல் அதை இணையத்துக்கு மாற்றி, சந்தா கட்டுபவர்கள் உள்ளே போய்ப் பார்க்கும்படி செய்தார்கள். அது நின்றிருந்த சில்வர்லைட் தொழில்நுட்பம் வழக்கொழிந்து, 2020 தொடக்கத்தில் அந்தச் சேவையே மூடப்பட்டது. அச்செடுத்து வைத்திருந்தவர்களிடம் கதாபாத்திரம் இருக்கிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, தொழில்நுட்பத்துக்கு வயதானால் அப்படித்தான். சிவகாசியில் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டதைப் பார்த்தவன் நான்.

அதனால் நான் சொல்வது சின்ன விஷயம். ஆப்பில் விளையாடுங்கள். ஒவ்வொரு லெவல் ஏறியதும் ஷீட்டை பிடிஎஃப் ஆக இறக்கி அச்செடுங்கள், அந்த வசதி அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. ஏ4 தாள், கறுப்பு வெள்ளை போதும். ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஓரத்தில் கிறுக்குங்கள். மாடசாமியின் பழைய தாளில் 'சத்திரக்காரனை நம்பாதே' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். ஆப்பிலும் குறிப்பு எழுத இடம் உண்டு, ஆனால் கதை சூடாக நடக்கும்போது அதைத் தேடித் திறக்க எனக்குப் பொறுமை இல்லை. போனைக் கையில் எடுத்தாலே வாட்ஸ்ஆப்பில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், அது வேறு.

இன்னொன்று. 2023 ஜனவரியில், மற்றவர்கள் இந்த விதிகளைப் பயன்படுத்துவதற்கான உரிமத்தை நிறுவனம் இறுக்கப் பார்த்ததற்கு எழுந்த எதிர்ப்பால், இந்த விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். உரிய இடத்தில் அதற்கான குறிப்பைப் போட்டுவிட்டால் யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். சும்மா இருக்கப் பிடிக்காமல் நான் தமிழில் ஒரு ஷீட் செய்திருக்கிறேன். வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு கட்டம் இடதுபுறம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூட்டெண் எப்படி வருகிறது என்று சின்ன எழுத்தில் கணக்கு. அடிபட்டால் குறையும் ஹிட் பாயிண்ட் கட்டத்தை மட்டும் மூன்று மடங்கு பெரிதாக்கினேன், ஏனென்றால் அழித்து அழித்துத் தாள் கிழிவது அங்கேதான். வழவழப்பான ஆர்ட் பேப்பர் இதற்கு ஆகாது, பென்சில் பிடிக்காது. மேப்லித்தோ தாள்தான் சரி.

உங்கள் சிறுவர் பக்கத்தில் ஒரு வாரம் இதைப் போட முடியுமா? பணம் எதுவும் வேண்டாம், ஃபைலை அனுப்பி வைக்கிறேன். செய்தித்தாளில் அழித்தால் தாள் பிய்ந்துவிடும், அதனால் நகலெடுத்துப் பயன்படுத்தச் சொல்லி கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சகப் பணியாளர்,
சிவகாசி.