லயத்துப் பக்கத்துக் காணியை எழுத்தில் தாருங்கள்

பெருந்தோட்டக் காணிகளுக்குப் பொறுப்பான அமைச்சுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள்.

எங்கள் சனங்கள் தாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலும் ஓடைக்கரையிலும் கோவா, போஞ்சி, லீக்ஸ் போடுவது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மண்ணில் பலருக்கு எழுத்தில் எந்த உரிமையும் இல்லை, தோட்டத்தை நடத்தும் ஒரு துரை சரி என்றால் உண்டு, அடுத்த துரை வந்து மறுத்தால் இல்லை. பத்திரம் இல்லாதவருக்கு வங்கி கடன் தராது. நாளைக்குப் பிடுங்கச் சொல்வார்களோ என்ற பயத்தோடு யார் கல்லணை கட்டி, எரு போட்டு மண்ணைத் தேற்றுவார்கள்? சில மாதத்தில் கைக்கு வரும் மரக்கறியோடு நின்றுவிடுகிறார்கள், ஒரு பட்டர்புரூட் கன்று வைக்கக்கூட மனம் வருவதில்லை.

2016 சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7. இது 2021 இரசாயன உரத் தடைக்கும், 2022இல் கோதுமை மா விலை ஏறி காலை ரொட்டியே பாதியானதற்கும் முந்தைய கணக்கு.

வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் தந்தோமே என்பீர்கள். ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். அந்த ஏழில் வீடு, கக்கூஸ், படிக்கட்டு போனால் மிஞ்சுவது நாலு பாத்தி.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனாலும் காணி பெரும்பாலும் அரசுடையதுதான், அவர்களிடம் இருப்பது குத்தகை. அதனால் தேயிலை கைவிடப்பட்டுப் புல் மண்டிக் கிடக்கும் துண்டுகளைப் பிரித்துத் தர உங்களால் முடியும். காணி கொடுத்தால் கொழுந்தெடுக்க ஆள் வராது என்று கம்பனிகள் பயப்படுகின்றன. பிள்ளைகள் ஏற்கெனவே கொழும்புக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் மண் இருந்தால் சிலராவது இங்கேயே நிற்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். செங்குத்துச் சரிவுகளை நாங்கள் கேட்கவில்லை, 2014இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண் வந்து லயங்களை மூடியதை மறக்கவும் இல்லை.

கேட்பது இதுதான்: கணவன் மனைவி இருவர் பெயரிலும் குறைந்தது 10 வருடப் பயிர்ச்செய்கைப் பத்திரம். காணி திரும்ப வேண்டுமென்றால் அறுவடை வரை பொறுக்கவும் நட்டஈடு கொடுக்கவும் அதிலேயே ஒரு நிபந்தனை. அப்புறம், மானியமும் விதையும் கிடைக்கும்படி எங்களையும் விவசாயிகளாகப் பதியுங்கள். அடுத்த போகத்துக்கு மண் கொத்தும் முன்னே பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்துப் பெண்