பாப்பாவுக்கு, டென்ஷன் பத்தி அப்பா எழுதுறது

பாப்பா,

போன்ல இதைப் பேச ஆரம்பிச்சா நடுவுல உனக்கு ஒரு கால் வந்துரும், இல்லாட்டி உங்கம்மா சாப்ட்டியான்னு கேக்க போனை வாங்கிருவா, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமா போகும், லீவு நாள்ல நிதானமா படி.

முதல்ல ஒன்னு. உன் சாஃப்ட்வேர் வேலைல இருக்குற பளு நெசம். நடு ராத்திரி சிஸ்டம்ல ஏதோ கோளாறுன்னு உன் போன்ல ஆன்-கால் அலர்ட் அடிக்கிறதும், ரிலீஸ் தேதியை உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம முடிவு பண்ணிட்டு உன் தலைல கட்டுறதும் நீயா கற்பனை பண்ணிக்கிட்டது கிடையாது. "எல்லாம் மனசுல தான்மா இருக்கு"ன்னு யாராச்சும் சொன்னா நம்பாத. லண்டன்ல மைக்கேல் மார்மட்னு ஒரு பேராசிரியரும் அவர் டீமும் 1985-ல இருந்து பிரிட்டிஷ் அரசாங்க ஊழியர்கள் 10,000 பேருக்கு மேல வருஷக்கணக்கா கவனிச்சு வந்தாங்க, வைட்ஹால் ஸ்டடின்னு சொல்வாங்க. தன் வேலையை எப்படிச் செய்யணும் எப்பச் செய்யணும்ங்கிறதுல தனக்கு ஒரு அதிகாரமும் இல்லாதவங்களுக்கு இதய நோய் கூடுதலா வந்ததை அதுல பாத்தாங்க. அதனால வேலை அமைஞ்சிருக்குற விதமே ஆளை நோகடிக்கும்னு நான் முழுசா ஒத்துக்கிறேன்.

ஆனா நீ சொல்றதை எல்லாம் கேட்டுட்டு இருக்கும்போது எனக்கு இன்னொன்னும் கண்ணுல படுது. அன்னிக்கு ரிவ்யூ மீட்டிங்ல உன் மேனேஜர் எல்லார் முன்னாடியும் "இதை முன்னாடியே பாத்திருக்கலாமே"ன்னு கேட்டார்னு சொன்ன. கேட்டது ஒரு வரி. அன்னிக்கு ராத்திரி அதைச் சொன்ன, மறுநாளும் சொன்ன, ஞாயித்துக்கிழமை சொல்லும்போது அது இன்னும் பெருசாயிருச்சு, அவர் மனசுல உன்னைப் பத்தி என்ன நெனப்பு, அப்ரைசல்ல என்ன போடுவார், டீம்ல மத்தவங்க பின்னாடி என்ன பேசிருப்பாங்கன்னு முழு கதையும் கட்டி முடிச்சிருந்த. மாடு அசை போடுற மாதிரி தான், உள்ள போனது ஒரு வாய், மெல்லுறது ராத்திரி பூரா.

இதுல உன் உடம்பு படுற பாடு தான் எனக்குக் கவலை. பயமோ அவமானமோ வந்தா சிறுநீரகத்துக்கு மேல இருக்குற அட்ரினல் சுரப்பிங்க அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் ரத்தத்துல விடும், நெஞ்சு படபடக்கும், பிபி ஏறும், ஜீரணம் மந்தமாகும். அது கெட்டது இல்ல, ஆபத்துல ஓடவோ எதுத்து நிக்கவோ உடம்பு பண்ணிக்கிற ஏற்பாடு, விஷயம் முடிஞ்சா கொஞ்ச நேரத்துல எறங்கிரும். எறங்க விடாம பண்றது நெனப்பு. மேனேஜர் அவர் வீட்ல தூங்கிட்டு இருக்கார், நீ உன் ரூம்ல படுத்திருக்க, ஆனா அந்த மீட்டிங்கை திரும்ப ஓட்டுன உடனே உடம்பு முதல்ல இருந்து ஆரம்பிக்குது. ரெண்டு வாரமா தூக்கம் வரலப்பான்னு நீ சொன்னதுல ஆன்-கால் அலர்ட் எடுத்துக்கிட்ட தூக்கம் எவ்ளோ, இது எடுத்துக்கிட்டது எவ்ளோன்னு நீயே பிரிச்சுப் பாரு.

1989 அக்டோபர் 17-ம் தேதி அமெரிக்காவுல சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் பெரிய நிலநடுக்கம், அதோட அளவு 6.9. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி தான் அங்க ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில சூசன் நோலன்-ஹோக்செமான்னு ஒரு மனநல ஆராய்ச்சியாளர், மனசு கஷ்டமானா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு ஸ்டூடண்ட்ஸ்கிட்ட கேள்வித்தாள் குடுத்து வாங்கி வச்சிருந்தாங்க. நிலநடுக்கம் வரப்போகுதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும், தற்செயலா நடந்தது. வந்தப்புறம் 10 நாள் கழிச்சும் 7 வாரம் கழிச்சும் அதே பிள்ளைங்களை திரும்ப பாத்தாங்க. முன்னாடியே 'எனக்கு ஏன் இப்படி ஆகுது, ஏன் என்னால முடியல'ன்னு உள்ளுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்குற பழக்கம் உள்ள பிள்ளைங்க தான் 7 வாரம் கழிச்சும் அதிகமா சோர்ந்து கெடந்தாங்க. முன்னாடியே சோர்வா இருந்தவங்க, நிலநடுக்கத்துல அதிகம் கஷ்டப்பட்டவங்கங்கிறதெல்லாம் கணக்குல எடுத்தும் அந்த வித்தியாசம் நின்னுச்சு. எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது பாப்பா. பழக்கம் முதல்ல வந்துருச்சு, கஷ்டம் அப்புறம் தான் வந்துச்சு.

அங்கயே பெர்க்லி யுனிவர்சிட்டில ரிச்சர்ட் லாசரஸ்னு ஒரு மனநல ஆராய்ச்சியாளர் 1960-கள்லயே இதை வேற பக்கத்துல இருந்து காட்டிருக்கார். மரப்பட்டறைல மெஷின்ல கை மாட்டுற மாதிரி விபத்துப் படம் ஒன்னை ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டுவாங்க, நெஞ்சுத் துடிப்பு, கை வேர்க்குறது எல்லாத்தையும் மெஷின் வச்சு அளப்பாங்க. படத்துக்கு முன்னாடி சிலர்கிட்ட இதெல்லாம் நடிப்பு, யாருக்கும் அடி படலன்னு சொல்வாங்க, இன்னும் சிலரை எட்ட நின்னு கவனிக்கிற மனசோட பாக்கச் சொல்வாங்க, மீதி பேர்கிட்ட எதுவும் சொல்றதில்ல. ஒரே படம் தான், ஆனா முன்னாடி அப்படிச் சொல்லி விட்டவங்க உடம்பு கொஞ்சமா தான் பதறுச்சு. நடந்தது எனக்கு ஆபத்தா, அப்படின்னா சமாளிக்க என்கிட்ட என்ன இருக்கு, இந்த ரெண்டு கேள்விக்கும் மனசு கண்ணிமைக்குற நேரத்துல பதில் சொல்லிருது, உடம்பு அந்தப் பதிலைத் தான் கேக்குதுன்னு அவர் சொன்னார். உன் மனசு இந்த ரெண்டாவது கேள்விக்கு எப்பவும் 'ஒன்னும் இல்ல'ன்னே பதில் சொல்லுது. அது தப்பான பதில். புது ஊர்ல, தெரியாத பாஷைல, யாரும் சொல்லித் தராம வேலையைக் கத்துக்கிட்டவ நீ.

நான் வேலை பாத்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல நடந்ததை நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது பாத்திருப்ப, ஞாபகம் இருக்கான்னு தெரியல. ஸ்ட்ரோஜர்னு பழைய மெக்கானிக்கல் எக்ஸ்சேஞ்சை எடுத்துட்டு எலக்ட்ரானிக் போட்டாங்க, வெளியூருக்கு நேரா டயல் பண்ற எஸ்டிடி பரவுன உடனே, ஆபரேட்டர் கையால வெளியூர் கால் போட்டுக் குடுக்குற ட்ரங்க் போர்டுல வேலை சுருங்கிருச்சு. எங்க செக்‌ஷன்ல ஒரு சீனியர் அண்ணன், லைனை இணைக்குற செலக்டர் ஓடுற சத்தத்தை வச்சே ஃபால்ட் எங்கன்னு சொல்லிருவார், அப்படி ஒரு கெட்டிக்காரர். மாத்தம் வரப்போகுதுன்னு ஆர்டர் வந்த அன்னிலருந்து கேன்டீன்ல உக்காந்தா இதே பேச்சு தான், இனிமே நமக்கு மரியாதை இல்ல, தூக்கி ஓரமா வச்சிருவாங்கன்னு. ட்ரெயினிங்குக்குப் பேர் குடுக்கச் சொன்னப்ப கூட குடுக்கல. அதே ஆர்டர் தான் ட்ரங்க் போர்டுல இருந்த ஒரு அக்காவுக்கும். அவங்களுக்கும் பயம் தான், வீட்ல ரெண்டு பிள்ளைங்க படிச்சிட்டு இருந்துச்சுங்க. ஆனா அவங்க போன் ரிப்பேர் புகார் வாங்குற 198 கம்ப்ளைன்ட் டெஸ்க்ல இடம் இருக்கான்னு போய்க் கேட்டாங்க, கம்ப்யூட்டர்ல புகாரைப் பதிவு பண்ணி டாக்கெட் போடத் தெரியலன்னதும் எங்களைப் பிடிச்சு வச்சு கத்துக்கிட்டாங்க. அண்ணனுக்கு பிபியும் சுகரும் ஒன்னா வந்துச்சு, அதுக்குக் காரணம் இது தான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா அந்த மனுஷன் ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஒரு நாள் நிம்மதியா இருந்து நான் பாக்கல.

அதனால தான் அமெரிக்காவுல இல்லினாய் பெல்னு ஒரு டெலிபோன் கம்பெனி கதை எனக்கு அவ்ளோ பிடிச்சுது. சிகாகோ யுனிவர்சிட்டில சால்வடோர் மேடி, சூசன் கோபாசா இவங்கல்லாம் 1975-ல இருந்து அந்தக் கம்பெனி மேனேஜர்ஸ் ஏறக்குறைய 450 பேரை வருஷா வருஷம் பேட்டி எடுத்து மெடிக்கல் டெஸ்ட்டும் பாத்துட்டு வந்தாங்க. நடுவுல அதோட தாய்க் கம்பெனி ஏடி அண்ட் டியை கோர்ட் வழக்குனால பிரிச்சாங்க, 1984 ஜனவரி 1-ல இருந்து, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. கவனிச்சவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் உடம்பாலயோ மனசாலயோ வேலைலயோ நொடிஞ்சுட்டாங்க. மீதி ஒரு பங்கு பேர் அதே கொந்தளிப்புல நல்லாவே இருந்தாங்க. அவங்ககிட்ட பாத்தது என்னன்னா, கஷ்டம் வந்தப்ப ஒதுங்கிப் போகாம மனுஷங்களோடயும் வேலையோடயும் ஒட்டியே இருந்தாங்க, தன் கைல இருக்குற சின்ன விஷயத்தையாச்சும் மாத்தப் பாத்தாங்க, மாத்தம்னா அதுல கத்துக்க ஏதோ இருக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. இது ஒரே கம்பெனில நல்ல சம்பளம் வாங்குன மேனேஜர்ஸ் பத்துனது, எல்லாருக்கும் அப்படியே பொருந்தும்னு சொல்ல முடியாது. ஆனா இந்த மூணுமே ஒருத்தர் பொறப்புலயே வர்ற குணம்னு விட்டுற வேண்டியதில்ல, பழகிக்கலாம்னு தான் மேடியும் சொன்னார்.

இன்னொன்னு, ஸ்ட்ரெஸ் கெடுதல்னு நம்புறவங்க தான் சாவாங்கன்னு வாட்ஸ்அப்ல சுத்துது, நீயும் எனக்கு அனுப்புன. அமெரிக்காவுல 1998-ல எடுத்த ஒரு சர்வேயை வச்சு 2012-ல வந்த ஆராய்ச்சி அது. ஸ்ட்ரெஸும் அதிகம், அது உடம்பைக் கெடுக்குதுன்னு நம்பிக்கையும் அதிகம்னு சொன்னவங்களுக்கு சீக்கிரம் சாகுற ஆபத்து 43 சதவீதம் கூடன்னு வந்துச்சு. ஆனா ஏற்கனவே உடம்பு முடியாதவங்க தானே ஸ்ட்ரெஸ் என்னைக் கெடுக்குதுன்னு அதிகமா சொல்வாங்க? எது முன்னாடி எது பின்னாடின்னு அதை வச்சு முடிவு பண்ண முடியாது. அதைப் படிச்சுட்டு 'ஐயோ நான் இப்படி நம்புறேனே'ன்னு புதுசா ஒரு பயம் சேத்துக்காத.

சரி, என்ன பண்ணலாம். உனக்கு நான் ரெண்டு விஷயம் தான் கேக்குறேன். சாயந்திரம் ஏழு மணிக்கு அரை மணி நேரம் ஒதுக்கு, கவலைப்படுறதுக்குன்னே. மத்த நேரத்துல கவலை வந்தா ஒரு வரில நோட்ல எழுதிட்டு ஏழு மணிக்குப் பாக்கலாம்னு தள்ளி வை. கேக்க ஒரு மாதிரியா இருக்கும், ஆனா இதை 1983-லயே பென்சில்வேனியால தாமஸ் போர்கோவெக்னு ஒருத்தர் டீம் சோதிச்சுப் பாத்து கவலை கொறைஞ்சதைக் காட்டிருக்காங்க. அந்த அரை மணி நேரத்துல 'ஏன் எனக்கு மட்டும்'னு போகாம, 'சரி, இதுல அடுத்தது என்ன, யார்கிட்ட எப்பக் கேக்கணும்'னு கைல பிடிக்குற மாதிரி எழுது. ஏன் ஏன்னு போனா அதுக்கு முடிவே இருக்காது, பாப்பா.

அப்புறம் ப்ரெசன்டேஷனுக்கு முன்னாடி நெஞ்சு படபடக்குதுன்னு பயப்படுற. அமைதியா இரு அமைதியா இருன்னு உன்னை நீயே அடக்காத. ஆலிசன் வுட் ப்ரூக்ஸ்னு ஹார்வர்ட்ல ஒரு பேராசிரியர் 2014-ல காட்டுனாங்க, மேடைப் பேச்சு, கணக்கு, பாட்டு எல்லாத்துலயும் 'எனக்கு ஆர்வமா இருக்கு'ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுப் போனவங்க நல்லா பண்ணாங்க. படபடப்பை எறக்குறது கஷ்டம், அதுக்கு வேற அர்த்தம் குடுக்குறது சுலபம். ஸ்கூல்ல பேச்சுப் போட்டிக்குப் போறதுக்கு முன்னாடி உனக்கு இதே படபடப்பு தான் இருக்கும், அப்ப நீ அதை பயம்னு சொன்னதே இல்ல.

இதெல்லாம் பண்ணியும் தூக்கம் வரல, சாப்பாடு எறங்கல, எதுலயும் பிடிப்பு இல்லன்னு இருந்தா தள்ளிப் போடாம டாக்டரைப் பாரு, மனநல டாக்டரா இருந்தாலும் சரி, அதுல கூச்சப்பட ஒன்னும் இல்ல, கூட வரணும்னா நான் நைட் பஸ் பிடிச்சு வந்துருவேன். 14416, டெலி-மானஸ், அரசாங்கத்தோட நம்பர், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், போன்ல சேவ் பண்ணி வை.

இப்ப முதல்ல சொன்ன மார்மட் விஷயத்துக்கு, அதான் வேலை அமைஞ்சிருக்குற விதத்துக்கு, வர்றேன். உன் நெனப்பை எவ்ளோ சரி பண்ணாலும் ஆன்-கால் அட்டவணை மாறாது, அதை ஆளுங்க தான் மாத்தணும். ஒரு வாரம் ராத்திரி ஆன்-கால் பாத்தவங்களுக்கு மறுநாள் காலைல மீட்டிங் வைக்கக் கூடாது, தேதி முடிவு பண்றதுக்கு முன்னாடி டீம்கிட்ட கேக்கணும், இந்த ரெண்டையும் மேனேஜருக்கு மெயிலா எழுது. கோவமா வேண்டாம், நீ பாத்த அலர்ட் எத்தனை, அதுல எது எது காலை வரைக்கும் பொறுத்திருக்கலாம்னு விவரத்தோட எழுது. அனுப்புறதுக்கு முன்னாடி டிராஃப்டை எனக்கு அனுப்பு, உங்க சாஃப்ட்வேர் எனக்குப் புரியாது, ஆனா டிபார்ட்மென்ட்ல ரோஸ்டர் மாத்தச் சொல்லி நானும் நெறைய லெட்டர் எழுதிருக்கேன், படிச்சுப் பாத்துச் சொல்றேன்.

அப்பா