விடியற்காலையில் இரண்டு மணி நேரம் ஒரு மைதானம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய கொடுமைக்குப் பிறகு, வளர்ப்பு நாய்களைப் பற்றி நம் நகரில் நிறையப் பேசிவிட்டோம். உரிமம், வாய்மூடி, அபராதம், தடை என்று எல்லாமே பேசப்பட்டன. நாயை முறையாகப் பழக்க விரும்புகிறவர்கள் எங்கே போய்ப் பழக்குவது என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தண்டையார்பேட்டையில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாயை வளர்த்துவருபவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து தொடங்கிய சிறு குழுவில் இன்று ஐந்து பேர்தான் இருக்கிறோம். நாங்கள் பழகுவது ஐ.ஜி.பி. என்ற, நாய்களுக்கான போட்டி முறை. ஷூட்ஸ்ஹுண்ட் என்ற பழைய பெயரில் பலர் அறிந்திருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தின் குணத்தையும் உழைப்பையும் சோதிக்க நூறாண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியில் உருவான தேர்வு அது. மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். இவற்றுக்கு முன்பாக, பதினைந்து மாதம் நிறைந்த நாய் சாலையில் சைக்கிளையும் ஓடுகிறவரையும் கூட்டத்தையும் கண்டு அமைதியாக இருக்கிறதா என்று பார்க்கும் தேர்வு ஒன்று உண்டு. அதில் தேறாத நாய் மேற்கொண்டு போக முடியாது.

பாதுகாப்பு என்றதும், கடிக்கப் பழக்குகிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நடப்பதை ஒருமுறை பார்த்தால் தெரியும். மறைவிடத்தில் அசையாமல் நிற்கும் உதவியாளரை, அதாவது எதிராளியாக நடிப்பவரைக் கண்டுபிடித்த நாய், அவரைத் தொடாமல் எதிரே நின்று குரைக்க மட்டுமே வேண்டும். அவர் தப்பி ஓடும்போதோ தாக்க வரும்போதோ கையில் அணிந்துள்ள தடித்த கவச உறையை மட்டுமே பிடிக்கலாம். ‘விடு’ என்ற கட்டளையையும், அதற்குமேல் இருமுறை சொல்வதையும் மீறிப் பிடியை விடாத நாய் போட்டியிலிருந்தே நீக்கப்படும். பிடிப்பதைவிட விடுவதைக் கற்றுக்கொடுக்கத்தான் எங்களுக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

இதற்கெல்லாம் கால்பந்து மைதானம் அளவுக்கு இடம் வேண்டும். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கே மைதானம் போதவில்லை என்பதை நன்கு அறிவேன். அவர்களின் இடத்தில் நாங்கள் பங்கு கேட்கவில்லை. முன்பு ஒரு பள்ளி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழக அனுமதித்தார்கள். பூங்காச் சம்பவத்துக்குப் பின் அது நின்றுபோயிற்று. மோப்பப் பயிற்சிக்கோ மண் தரையோ புல் தரையோ வேண்டும். ஐ.ஜி.பி.யின் மூன்றாம் நிலைத் தேர்வில், நாய்க்கு அறிமுகமில்லாத ஒருவர் 600 அடிவைப்புகள் நடந்து சென்ற தடத்தை, ஒரு மணி நேரம் கழித்து நாய் மோந்து தொடர வேண்டும். மணலியிலும் மாதவரத்திலும் வெற்று நிலமாக இருந்தவை இன்று கன்டெய்னர் யார்டுகளாகவும் லாரி நிறுத்தங்களாகவும் ஆகிவிட்டன. செங்குன்றம் தாண்டி அறுவடை முடிந்த வயல்களைத் தேடிப் போகிறோம். வெயில் ஏறினால் நாய் தாங்காது என்பதால் அதிகாலை மூன்றரை மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கிறது. இரவுப் பணி முடித்து வந்த எங்கள் உறுப்பினர்கள் இருவர் விலகியதற்கு இதுவே காரணம்.

இடத்தைவிட எனக்குக் கவலை தருவது உதவியாளர் பற்றாக்குறை. எங்களிடம் இருப்பவர் ஓர் இளைஞர் மட்டுமே. பாய்ந்து வரும் முப்பது கிலோ எடையைத் தோளில் வாங்கி வாங்கி அவருக்குத் தோள்பட்டையில் வலி வந்துவிட்டது. அவர் ஓய்வெடுக்கும் மாதங்களில் பயிற்சி நின்றுவிடுகிறது. எவ்வளவு அழுத்தம் கொடுப்பது, எந்த நொடியில் கவச உறையை நாய்க்கு விட்டுக்கொடுப்பது என்று நாயின் முகத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டிய வேலை அது. தேர்ந்த உதவியாளரிடம் பழகிய குட்டி தன்னம்பிக்கையோடு வளரும். அரைகுறையாகப் பழகியது அச்சத்தோடு வளரும். அச்சத்தில் இருக்கும் நாய்தான் தெருவில் குழந்தையைப் பார்த்தும் பாயும்.

எங்களைப் போன்ற குழுக்கள் கலைந்துபோனால் நாய் வைத்திருப்பவர்கள் வேறு வழி தேடுவார்கள். நாயைக் கட்டிப்போட்டுச் சாக்கைச் சுற்றிய கையோடு கம்பால் சீண்டி, அது வெறிகொண்டு பாய்வதை ‘காவல் பயிற்சி’ என்று காட்டிப் பணம் வாங்குகிறவர்களை எங்கள் பகுதியிலேயே பார்த்திருக்கிறேன். அங்கே விடச் சொல்லிக்கொடுப்பவர் யாருமில்லை.

ஆகவே மாநகராட்சிக்கு என் வேண்டுகோள்: வடசென்னையில் வேலியிட்ட ஒரு திடலை ஞாயிறுதோறும் காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை, கட்டணம் பெற்றுக்கொண்டே எங்களைப் போன்ற குழுக்களுக்குத் தாருங்கள். உரிமமும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் இல்லாத நாய் உள்ளே வராது. திடலின் நுழைவாயில் வரை வாய்மூடியும் வாரும் கழற்றப்பட மாட்டா. மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் வேப்பேரியில் அதன் கல்லூரியும் இருக்கின்றன. அங்குள்ள வல்லுநர்கள் ஆண்டுக்கு இருமுறை எங்கள் நாய்களின் குணத்தைச் சோதித்துப் பார்க்கட்டும், தேறாத நாயை நாங்களே விலக்கிக்கொள்கிறோம். முதற்கட்டமாக, மண்டல அலுவலர் ஒருவர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் முன்னறிவிப்பின்றி வந்து எங்கள் பயிற்சியைப் பார்வையிட வேண்டுகிறேன்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
தண்டையார்பேட்டை, சென்னை