நாலையும் ஒன்றாக்கப் போகிற அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நேற்று போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே உன் குக்கர் விசில் அடித்தது, "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். இயேசுவின் கதையைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நாலு சுவிசேஷத்தையும் ஒரே கதையாக்கினால் என்ன தப்பு என்று நீ கேட்ட கேள்விக்கு மூன்று நிமிஷத்தில் பதில் சொல்லவும் முடியாது. உன்னோடு சண்டே ஸ்கூல் நடத்தும் மற்ற டீச்சர்களும் இதையேதான் கேட்கிறார்கள் என்றாய், அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதிவிடுகிறேன். பெயர் போடவில்லை, கவலைப்படாதே.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. ஒரே மேடை, ஒரே மாட்டுத் தொழுவம், இந்தப் பக்கம் தலையில் துண்டு கட்டிய மேய்ப்பர்கள், அந்தப் பக்கம் ஜிகினா கிரீடம் வைத்த சாஸ்திரிகள். நாடகம் முடிந்ததும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "டீச்சர், சாஸ்திரிகள் வீட்டுக்குள்ளதான போனாங்க, தொழுவத்துக்கு எங்க வந்தாங்க?" என்று கேட்டானாமே. அவன் சொன்னது சரி. மத்தேயுவில் "அந்த வீட்டுக்குள்" என்றுதான் இருக்கிறது, தொழுவமே கிடையாது. முன்னணையும் மேய்ப்பர்களும் லூக்கா, நட்சத்திரமும் சாஸ்திரிகளும் மத்தேயு. மாற்குவிலும் யோவானிலும் பிறப்புக் கதையே இல்லை.

இப்போது பெரிய வெள்ளிக்கு அப்படிக் கேள்வி வராதபடி நாலு சுவிசேஷத்தையும் நாலு கலர் பென்சிலில் கோடு போட்டு, ஒன்றும் விடாமல், ஒன்றும் முரண்படாமல், ஒரே கதையாக எழுதப் போகிறேன் என்கிறாய். அதில் என்ன தப்பு என்று கேட்கிறாய். தப்பென்று சொல்ல வரவில்லை. இதே வேலையை ஏறக்குறைய 1850 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து முடித்துவிட்டார், அதுவும் உன்னைவிட நன்றாக. அந்தப் புத்தகத்துக்கு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கடிதம்.

அவர் பெயர் தாத்தியான். "அசீரியர் தேசத்தில் பிறந்தவன்" என்று தன்னைப் பற்றித் தானே எழுதியிருக்கிறார். ரோமுக்குப் போய் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியரிடம் பாடம் படித்தார். ஜஸ்டின் 165 வாக்கில் கொல்லப்பட்ட பிறகு, 172ஐ ஒட்டிய காலத்தில் கிழக்கே திரும்பிவிட்டார். போகிற வழியில் எழுதினாரா, போய்ச் சேர்ந்து எழுதினாரா, கிரேக்கத்தில் எழுதினாரா, அராமிக்கின் ஒரு கிளையான சிரியாக் மொழியிலா என்பதெல்லாம் இன்றுவரை ஓயாத வழக்கு. எழுதியது மட்டும் நிச்சயம்: நாலு சுவிசேஷத்தையும் வரிவரியாகக் கோர்த்த ஒரே சுவிசேஷம். கிரேக்கத்தில் அதற்கு தியாதெஸ்ஸரோன் என்று பெயர் வந்தது, "நாலின் வழியாக" என்று அர்த்தம். சங்கீதத்தில் ஒரு சுர இடைவெளிக்கும் அதே பெயர்தான், நாலு குரல் ஒரு சுருதி என்று வைத்துக்கொள்ளேன்.

ஏன் இப்படி ஒரு வேலைக்கு இறங்கினார்? நம் ஆறாம் வகுப்புப் பையனைப் போலவே அந்தக் காலத்திலும் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், என்ன, அவர்கள் அன்பாகக் கேட்கவில்லை. செல்சஸ் என்று ஒரு தத்துவக்காரர், கிறிஸ்தவர்களைக் கிழித்து ஒரு புத்தகமே எழுதினார். கல்லறையில் இருந்தது ஒரு தூதனா இரண்டு தூதனா என்று அவர் கேட்டதை, பிற்பாடு அவருக்கு மறுப்பு எழுதிய ஓரிகன் பதிவு செய்து வைத்திருக்கிறார். நியாயமான கேள்விதானே? மாற்குவில் ஒரு வாலிபன், மத்தேயுவில் ஒரு தூதன், லூக்காவில் இரண்டு பேர், யோவானில் இரண்டு தூதர்கள். இயேசுவின் வம்ச அட்டவணை இன்னும் மோசம். யோசேப்பின் தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. தாவீதுக்குப் பிறகு ஒன்று சாலொமோன் வழியாக வருகிறது, மற்றது நாத்தான் வழியாக. தாத்தியான் அதற்குக் கண்டுபிடித்த தீர்வு உனக்குப் பிடிக்கும். இரண்டு அட்டவணையையும் எடுத்துவிட்டார்!

புத்தகம் "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று யோவானில் தொடங்கும். அதற்குப் பிறகு ஒரே நெசவு, இழை எங்கே மாறுகிறது என்று சட்டென்று தெரியாது. ஒரு இடத்தில் மட்டும் அவருடைய கை தெரிகிறது என்று சொல்வார்கள். யோவான்ஸ்நானன் என்ன சாப்பிட்டார்? வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் என்று நீயும் நானும் மனப்பாடமாகச் சொல்வோம். தியாதெஸ்ஸரோனில் தேனும் மலைப்பாலும் என்று இருந்ததாக ஒன்பதாம் நூற்றாண்டில் மெர்வ் ஊர் ஈஷோதாத் என்ற வேத உரையாசிரியர் எழுதுகிறார். தாத்தியான் இறைச்சி, மது, கல்யாணம் மூன்றையும் ஒதுக்கியவர் என்று எதிராளிகள் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் வெட்டுக்கிளிகூட அவருக்குக் கவுச்சியாகப் பட்டிருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம். எவ்வளவுதான் நேர்மையாகக் கோர்த்தாலும், கோர்க்கிறவனின் சாப்பாட்டுத் தட்டு எங்கேயோ ஓரத்தில் எட்டிப் பார்த்துவிடுகிறது.

மேற்கே இந்தப் புத்தகத்துக்கு அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. லியோனில் ஆயராக இருந்த இரனேயு 180 வாக்கிலேயே சுவிசேஷம் நாலுதான், கூடவும் கூடாது குறையவும் கூடாது, உலகத்துக்கு நாலு திசை, காற்றும் நாலு என்று எழுதிவிட்டார். (காற்று நாலு என்பதால் சுவிசேஷம் நாலு என்பது என்ன வாதமோ! ஆனால் அந்தக் காலத்தில் எடுபட்டது.) சபை வரலாறு எழுதிய யூசேபியு, தாத்தியான் ஏதோ ஒரு தொகுப்பு செய்தார், எப்படியென்று எனக்குத் தெரியாது, இன்னும் சிலரிடம் இருக்கிறது என்ற தோரணையில் இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்.

சிரியாக் பேசிய கிழக்கில் கதை வேறு. எடெஸ்ஸா, நிசிபிஸ் என்ற ஊர்களைச் சுற்றிய சபைகளில், ஆராதனையில் வாசித்தது இதைத்தான். அங்கே அதற்குப் பெயர் "கலந்தவர்களின் சுவிசேஷம்", நாலும் தனித்தனியாக இருப்பதற்கு "பிரிந்தவர்களின் சுவிசேஷம்". 373இல் இறந்த எஃப்ரேம், அந்த மொழியின் மாபெரும் கவிஞர், உரை எழுத எடுத்துக்கொண்டது கலந்ததைத்தான். அந்த உரை ரொம்ப காலம் அர்மீனிய மொழியில் மட்டும்தான் கிடைத்தது. 1957இல் டப்ளினில் உள்ள செஸ்டர் பீட்டி நூலகம் சிரியாக் மூலத்தின் பெரும் பகுதியை வாங்கியது, 1963இல் அச்சில் வந்தது. அதில் ஒரு இடத்தில், தாகத்தோடு வந்தவன் குடித்ததற்காகச் சந்தோஷப்படுவான், ஊற்றைக் குடித்துத் தீர்க்க முடியவில்லையே என்று வருத்தப்பட மாட்டான் என்கிற மாதிரி எஃப்ரேம் எழுதுகிறார். வேத வசனத்துக்கு ஒரே அர்த்தம்தான் என்று அடம்பிடிக்கிறவர்களுக்காகச் சொன்னது. அதை அவர் சொன்னது, நாலை ஒன்றாக்கிய ஒரு புத்தகத்துக்கு உரை எழுதிக்கொண்டு! அது அவருக்கு உறுத்தவே இல்லை.

பிறகு ஐந்தாம் நூற்றாண்டில் காற்று மாறியது. எடெஸ்ஸாவில் 435 வாக்கு வரை ஆயராக இருந்த ரப்புலா, எல்லாச் சபைகளிலும் பிரிந்த சுவிசேஷம் இருக்க வேண்டும், அதை வாசிக்கவும் வேண்டும் என்று குருமாருக்கும் டீக்கன்மாருக்கும் விதி போட்டார். அலெப்போவுக்கு வடக்கே கிர்ரோஸ் என்ற ஊரின் ஆயர் தியோடரெட் ஒரு படி மேலே போனார். என் சபைகளில் இந்தப் புத்தகம் இருநூறுக்கும் மேல், மரியாதையாக வைக்கப்பட்டிருக்கக் கண்டேன், எல்லாவற்றையும் சேகரித்து அப்புறப்படுத்திவிட்டு நாலு சுவிசேஷங்களை வைத்தேன் என்று 453 வாக்கில் அவரே எழுதுகிறார். தன் பொறுப்பில் எண்ணூறு சபைகள் என்று வேறொரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார், நாலு சபைக்கு ஒன்று வீதம். வைத்திருந்தவர்கள் யாரும் வேதப்புரட்டர்கள் இல்லை, சுருக்கமாகக் கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று கள்ளமில்லாமல் பயன்படுத்தினார்கள் என்றும் அவரே சொல்கிறார். வம்ச அட்டவணையை வெட்டியதுதான் அவருக்கு ஆகவில்லை. இயேசு தாவீதின் வித்தில் மாம்சமாகப் பிறந்தார் என்பதையே மறைக்கிற வேலை அது என்பது அவர் கட்சி.

அந்த இருநூறில் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. யோசித்துப் பார், ஒவ்வொன்றும் தோல் பதம் பண்ணி, கோடு கிழித்து, யாரோ மாதக்கணக்கில் குனிந்து எழுதியது.

இருந்தாலும் ஒரு துண்டு இருக்கிறது, அல்லது இருக்கலாம். சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் தூரா எவுரோப்போஸ் என்றொரு ரோமக் கோட்டை நகரம். பாரசீகர் முற்றுகை போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ரோமப் படையினர் மேற்கு மதிலைப் பலப்படுத்த அதன் உள்பக்கம் மண்ணைக் கொட்டி, ஒட்டியிருந்த வீடுகளையெல்லாம் புதைத்தார்கள். அப்படியும் 256 வாக்கில் நகரம் விழுந்தது, பிறகு யாரும் குடியேறவில்லை. 1933 மார்ச்சில் அந்த மண்ணுக்குள்ளிருந்து ஒரு தோல் துண்டு கிடைத்தது. உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் மட்டும் எழுத்து, கிரேக்கத்தில் 14 வரி. இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சிலுவையிலிருந்து உடலை இறக்கும் இடம், உன் நாடகத்தின் கடைசிக் காட்சி. அரிமத்தியா ஊர் யோசேப்பு, உடலை அடக்கம் பண்ணியவர், வருகிறார். சாயங்காலமானபோது ஒரு மனிதன் வந்தான் என்பது மத்தேயுவின் நடை. ஓய்வுநாளுக்கு முந்தின ஆயத்தநாள் என்பது மாற்கு. ஆலோசனைக்காரன், யூதேயாவின் பட்டணத்தான், நல்லவனும் நீதிமானும், அவர்களுடைய யோசனைக்குச் சம்மதிக்காதவன் என்பது லூக்கா. யூதருக்குப் பயந்து அந்தரங்க சீஷனாயிருந்தவன் என்பது யோவான். எல்லாம் பத்து வரிக்குள். கலர் பென்சில் இல்லாமல் எப்படிச் செய்தாரோ! ஊர்ப் பெயரை மட்டும் எரின்மத்தாயா என்று எழுதியிருக்கிறது, எழுதியவருக்குக் கை தடுமாறியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. சலோமேயும், கலிலேயாவிலிருந்து அவருக்குப் பின்சென்றவர்களின் மனைவிகளும், சிலுவையில் அறையப்பட்டவரைப் பார்க்க வந்தார்கள் என்று வாசிக்கிறார்கள். "மனைவிகள்" நம் நாலு சுவிசேஷத்திலும் அந்த இடத்தில் இல்லை. எங்கிருந்து வந்தார்கள்? இது தாத்தியானின் புத்தகம்தானா, வேறு யாரோ கோர்த்ததா என்ற சண்டையும் ஓயவில்லை. எனக்குத் தாத்தியான் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் ஆசையை ஆதாரம் என்று சொல்லக் கூடாது என்று எனக்குப் பாடம் சொன்னவர்கள் தலையில் குட்டியிருக்கிறார்கள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எனக்கு நாலும் நாலாகவே இருப்பதுதான் பிடிக்கும், அதற்குக் காரணம் நம் ஊர் பெரிய வெள்ளி ஆராதனைதான். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள், வார்த்தைக்கு ஒரு பிரசங்கியார், நடுவில் பாட்டு. அதுவும் ஒரு சின்ன தியாதெஸ்ஸரோன்தானே? மூன்று லூக்கா, மூன்று யோவான், மீதி ஒன்று மத்தேயுவிலும் மாற்குவிலும் வருவது, "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்". நம் வரிசையில் அது நாலாவது. அதற்கப்புறம் தாகம் வருகிறது, முடிந்தது வருகிறது, கடைசியில் "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்று அமைதியாக முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போகிறோம். மாற்குவை மட்டும் தனியாக எடுத்து ஒரு நாள் சத்தமாக வாசித்துப் பார். அங்கே சிலுவையில் அவர் பேசுவது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்குப் பிறகு ஒரு பெரிய கூக்குரல், அவ்வளவுதான். கலந்ததும் மாற்குவின் இயேசு காணாமல் போய்விடுகிறார், ஒரு வார்த்தையைக்கூட நாம் நீக்கவில்லை, ஆனாலும் காணாமல் போய்விடுகிறார். தியோடரெட் அட்டவணையை வெட்டியதற்காகக் கோபப்பட்டார். எனக்கு உறுத்துவது வெட்டியது இல்லை, சேர்த்தது.

அதற்காக தியோடரெட் செய்ததை நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை. நாலையும் கொடுத்துவிட்டு இதையும் அலமாரியில் விட்டிருக்கலாம்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன், அம்மா கூப்பிடுகிறாள். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் கப்புவா ஊர் ஆயர் விக்டர் கையில் தலைப்பில்லாத ஒரு லத்தீன் புத்தகம் கிடைத்தது, நாலும் கலந்த சுவிசேஷம். யாருடையது என்று தேடிப்பார்த்து தாத்தியானுடையதாக இருக்கலாம் என்று முன்னுரை எழுதி, 546, 547இல் தானே படித்துத் திருத்தியும் வைத்தார். அந்தப் பிரதி இன்றும் ஜெர்மனியில் ஃபுல்டாவில் இருக்கிறது. அதன் உள்ளே லூக்காவின் முகவுரைதான் முதலில் வருகிறது. ஆனால் முன்னால் இருக்கும் அதிகாரப் பட்டியலில் முதல் வரி, "ஆதியிலே வார்த்தை". யாரோ உள்ளே மாற்றினார்கள், பட்டியலைத் திருத்த மறந்துபோனார்கள். அந்த மறதியால்தான் பழைய புத்தகம் எப்படித் தொடங்கியது என்பதற்கு மேற்கிலும் ஒரு சாட்சி கிடைத்தது.

அதனால் நாடகத்தை எழுது, நன்றாகவே எழுது. ஆனால் ஃபேர் காப்பி எடுத்ததும் அந்த நாலு கலர் போட்ட நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. முதலில் எனக்கு போட்டோ எடுத்து அனுப்பு, அப்புறம் அந்தப் பையனிடம் கொடு. யோசேப்பு வருகிற காட்சியில் உனக்கு எத்தனை கலர் வந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன் தம்பி