கோல் கோட்டருகே நழுவும் பந்து யாருக்குச் சேர வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். தொடரில், 32 அணிகளில் 24 அணிகளின் உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் ஆட்ட விதியைத் திருத்தலாம். அவர்கள் தயங்காமல் திருத்த வேண்டியதாக நான் கருதும் ஒரு விதியைப் பற்றியே இக்கடிதம்.

தாக்கும் அணி வீரரிடமிருந்து நழுவிய பந்து முன்னோக்கி உருண்டு பக்கக் கோட்டைத் தாண்டினால், நழுவிய இடத்திலேயே அது அதே அணிக்குத் திரும்பக் கிடைக்கிறது. அதே பந்து எதிரணியின் எண்ட் சோனுக்குள், அதாவது கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள புள்ளி எடுக்கும் பகுதிக்குள், புகுந்து, எவர் கையிலும் சிக்காமல் வெளியேறினாலோ, டச்பேக் என்று அறிவித்து, தற்காக்கும் அணியிடம் அதன் 20 யார்டு கோட்டில் (அதன் கோல் கோட்டிலிருந்து 20 யார்டு தூரத்தில்) கொடுத்துவிடுகிறார்கள். பந்தைக் கைப்பற்றாத அணிக்கு அதன் உரிமை போய்ச் சேருவது எந்த வகையில் நியாயம்? கோல் கோட்டின் மூலையில் நிற்கும் பைலான் என்ற அடையாளக் கம்பத்துக்கு ஓரடி இப்பால் வெளியேறினால் இழப்பே இல்லை, ஓரடி அப்பால் வெளியேறினால் எல்லாமே போயிற்று என்பது திறமையை அளக்கும் விதியாக எனக்குத் தோன்றவில்லை.

2017 டிசம்பரில், மூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்த ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியின் டெரெக் கார் கடைசி நிமிடத்தில் பைலானை நோக்கிப் பாய்ந்தபோது பந்து நழுவி எண்ட் சோன் வழியே வெளியேற, டாலஸ் கவ்பாய்ஸ் 20-17 என வென்றது. 2021 ஜனவரி பிளேஆஃப் ஆட்டத்தில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் வீரர் ரஷார்ட் ஹிக்கின்ஸுக்கும் கோல் கோட்டில் இதுவே நேர்ந்தது. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸிடம் 22-17 எனத் தோற்ற பிரவுன்ஸின் அந்த இழப்பு இன்றும் எனக்கு ஆறவில்லை.

எனது யோசனை இது: பந்து தாக்கும் அணியிடமே இருக்கட்டும், ஆனால் அந்த டவுனை (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்றை) இழந்து, எதிரணியின் 20 யார்டு கோட்டுக்கு அது பின்வாங்கட்டும். கோட்டை நெருங்கும் வீரர்கள் வேண்டுமென்றே பந்தை முன்னே தள்ளிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதுதான். 1978-இல் சான் டியாகோ சார்ஜர்ஸுக்கு எதிராக ரெய்டர்ஸ் அணியினர் பந்தை முன்னோக்கித் தட்டித் தட்டியே எண்ட் சோன் வரை கொண்டுபோய் 21-20 என வென்ற வரலாறு உண்டு. ஆனால் அதன் பிறகு, நான்காவது டவுனிலும் ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களிலும், தாக்கும் அணியில் பந்தை நழுவவிட்டவர் மட்டுமே அதை எடுத்து முன்னேறலாம் என்று விதி செய்துவிட்டார்கள். அந்தக் காவல் இருக்கையில், பல யார்டுகளும் ஒரு டவுனும் பறிபோகும் என்று தெரிந்தே யாரும் பந்தை நழுவவிட மாட்டார்கள்.

பந்தின் உரிமை குறித்த விதிகளைத் தொடக்கூடாது என்பதும் இல்லை. 2022 ஜனவரியில் பஃபலோ பில்ஸ் அணியின் தாக்குதல் வரிசை கூடுதல் நேரத்தில் பந்தைத் தொடாமலேயே 42-36 எனத் தோற்றதும், இரு அணிகளுக்கும் வாய்ப்பளிக்கும் திருத்தம் அந்த மார்ச்சிலேயே பிளேஆஃப் ஆட்டங்களுக்கு வந்தது. 2025-இல் வழக்கமான ஆட்டங்களுக்கும் விரிந்தது. அந்த விரைவை இதிலும் காட்ட வேண்டும். நான்காவது டவுனில் நழுவினால் மட்டும், இன்று போலவே எதிரணி 20 யார்டு கோட்டில் பந்தைப் பெறட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்