எஸ்டேட்டுக்கு ஒரு வீடு

அம்பாசமுத்திரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பேச்சாளிக்கு,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை என்று கொதித்துக்கொண்டிருப்பாய். இரு. இங்கே எல்லாரும் சௌக்கியம். பிசான நடவு முடிந்தது. ஆற்றில் தண்ணீர் போகிறது. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. போதுமா? விஷயத்துக்கு வருகிறேன்.

எஸ்டேட் மலையிலிருந்து இறங்கிவிட்டான். 2024-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் எல்லாரிடமும் கம்பெனி விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கியதைப் பேப்பரில் பார்த்திருப்பாய். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட 8,373 ஏக்கர் அது. 2028-ல் குத்தகை முடிகிறது. காடு காட்டோடு போகட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. காட்டை வெட்டித் தேயிலை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே போவது என்பதுதான் என் கேள்வி.

ஹாஸ்டலில் அவனுக்கு நாம் வைத்த பெயரை நினைத்துப் பார்த்தேன். அரைப்படி தேயிலைத் தூளைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்தவனை ‘எஸ்டேட்’ என்று கூப்பிட்டோம், ஏதோ மலை முழுக்க அவன் அப்பன் சொத்து மாதிரி. கணக்கு சார்கூட வருகைப் பதிவில் அப்படித்தான் கூப்பிட்டார். அவனும் ‘உள்ளேன் ஐயா’ என்றான்.

அவன் ஏன் எஸ்எஸ்எல்சியோடு நின்றான் என்று உனக்குத் தெரியுமா? மார்க் குறைவு என்றுதான் நானும் இத்தனை காலம் நினைத்திருந்தேன். போன மாதம் கல்லிடைக்குறிச்சி டீக்கடையில் வைத்துச் சொன்னான். கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு வேலை பார்க்கிறவனுக்குத்தான். அப்பாவுக்கு வேலை முடிந்தால் வீட்டில் யாராவது ஒருவர் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். அண்ணன் இல்லை, அக்காவைக் கட்டிக் கொடுத்தாயிற்று. இவன் பேர் கொடுத்தான். அப்படி ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பிள்ளையை அந்த வீட்டுக்கு வாடகையாகக் கொடுத்திருக்கிறார்கள். மேலே ஏறின தாத்தாவுக்கும் சொந்தமாக ஒரு செங்கல் இல்லை, இறங்கி வந்த இவனுக்கும் இல்லை.

தன் மூத்த மகளை மட்டும் அதற்கு விடவில்லை. இவனும் பெண்டாட்டியும் கடைசிவரை கொழுந்து கிள்ளி லைன் வீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவள் கீழே ஹாஸ்டலில் இருந்து படித்து நர்ஸ் ஆனாள். அந்த வம்சத்தில் முதல் பட்டதாரி. மாதா மாதம் சம்பளம், கையில் சேமிப்பு, பேங்கில் நல்ல பெயர். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பி என்னைத் தூங்கவிடாமல் செய்தாயே, 2018-ல் ஓஇசிடி என்ற பணக்கார நாடுகளின் அமைப்பு போட்ட கணக்கு? அடித்தட்டில் பிறந்த குடும்பம் சராசரி வருமானத்தை எட்டுவதற்கு இந்தியாவில் ஏழு தலைமுறை ஆகும், டென்மார்க்கில் இரண்டே தலைமுறை என்று. அந்தக் கணக்கின்படி இவள் நாலாம் தலைமுறையிலேயே எட்டிவிட்டாள். கைதட்டிவிட்டுக் கேள்.

நாங்கள் வீடு தேடுகிறோம். அவளுக்கு லீவு கிடைக்கிற நாளில் மூன்று பேரும் கிளம்புவோம். அம்பை, கல்லிடை, வீரவநல்லூர், சேரன்மாதேவி வரை போய்விட்டு வந்தாயிற்று. வாடகைக்கு விடப்படும் என்று போர்டு தொங்கும். உள்ளே உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள். நர்ஸ் என்றதும் வீட்டம்மாளுக்கு முகம் மலரும், ராத்திரியில் பிரஷர் பார்க்க ஆள் கிடைத்ததே என்று. அட்வான்ஸ் பேசி, தண்ணீர் வரும் நேரம்கூடச் சொல்லிவிடுவார்கள். அதற்கப்புறம்தான், சாவகாசமாக, “நீங்க எந்தூருக்காரவிய?”

மாஞ்சோலை என்று சொன்னாலே போதும். தெருப் பேர் கேட்க வேண்டிய வேலைகூட மிச்சம். மச்சினன் திடீரென்று மாற்றலாகி வருகிறான். வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது. சைவமா நீங்க? வீட்டுல கேட்டுச் சொல்லுதேன். ஒருத்தர் எங்கள் முன்னாலேயே போனை எடுத்து, அடிக்காத போனில் “ஆமா, ஆமா, உனக்குத்தான் வீடு” என்று பேசினார். வெளியே வந்து எஸ்டேட் சிரித்தான் பார், எனக்குத்தான் அழுகை வந்தது.

அந்த வீட்டுக்காரர் யார் தெரியுமா? அப்பா மில்லில் ஷிப்ட் பார்த்தவர். இவர் படித்து ஆபீசராகி ரிட்டயர் ஆனவர். நம்மை மாதிரி ஒரே எட்டில் ஏறினவர்தான். எந்த ஆள் என்று நீ யூகிக்காதே, யூகித்தால் தப்பாகப் போகும். நாங்கள் ஏறி இறங்கின படிகளில் எல்லாத் தரப்பும் உண்டு. ஏறி வந்தவனுக்கு ஏறுகிறவன் கஷ்டம் புரியும் என்று மேடையில் பேசுகிறோம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. இவருக்குச் சம்பளத்தால் வந்த மரியாதை கொஞ்சம், தெருவால் வந்தது மிச்சம். அந்த மிச்சத்தை யாருக்கு வாடகைக்கு விடுகிறோம் என்பதில்தான் பயம்.

சேரன்மாதேவியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உன்னை நினைத்தேன். அங்கே வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பையன்களுக்குத் தனிப்பந்தி போட்டதையும், வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்ததையும் பேச்சுப் போட்டியில் முழங்கி ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கினாயே. மைக் இல்லாமலே ஆற்றின் அக்கரைக்குக் கேட்டது. டப்பா இன்னும் வைத்திருக்கிறாயா?

சரித்திரம் இல்லாமல் உனக்குச் சோறு இறங்காது, அதனால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கமுதிக் கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்ட வழக்கை லண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோய் 1908-ல் தோற்றார்கள் நாடார்கள். 1921-ல் தூத்துக்குடியில் சொந்தமாக பேங்க் தொடங்கினார்கள். 1939-ல் தாழ்த்தப்பட்டவர்களோடு சேர்ந்து மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். எப்படி முடிந்தது? சொந்த வியாபாரம், சொந்தப் பேட்டை, சரக்குக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த மகமை, அந்த மகமையில் எழுந்த பள்ளிக்கூடங்கள். வீடு தரமாட்டேன் என்றால் தெருவையே கட்டிக்கொள்ள அவர்களால் முடிந்தது. மலையில் இருந்தவனுக்கு வியாபாரம் ஏது, மகமை ஏது? கூலி கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். 1999 ஜூலை 23-ஆம் தேதி தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். எஸ்டேட்டும் அன்றைக்கு ஆற்றில் இறங்கினவன். அதைப் பற்றி அவன் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

ஆக, கூட்டமாக ஏற வழியில்லாத குடும்பத்திலிருந்து ஒரு பெண் தனியாக ஏறியிருக்கிறாள். தனியாக ஏறினவளைத் தனியாகவே நிறுத்திக் கேள்வி கேட்கிறது ஊர். போன வாரம் ஒரு வீட்டில் அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: “எங்களுக்கு மாஞ்சோலை. கறி தின்போம். வாடகை ஒண்ணாம் தேதி ஜிபேயில் வந்துரும். இஷ்டம்னா சாவி குடுங்க, இல்லன்னா காபி வேண்டாம்.” எனக்கு ஒரே சந்தோஷம். சாவி கிடைக்கவில்லை என்பது வேறு.

உங்கள் கோயம்புத்தூர் அடுக்குமாடியில் இதெல்லாம் யாரும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தாய். கேட்க மாட்டார்கள் மக்கா. அந்த விலைக்கு அங்கே யார் வர முடியும் என்பது முன்னாலேயே தீர்ந்துபோன கணக்கு.

சரி, இப்போது கேட்டுவிடுகிறேன். மேலத்தெருவில் உன் வீடு பூட்டிக் கிடக்கிறது. பின்கட்டு ஓடு நாலைந்து நகர்ந்திருக்கிறதே தவிர சுவர் உறுதி. அதை எஸ்டேட் குடும்பத்துக்கு விடு. என் வீட்டில் இடமிருந்தால் உன்னிடம் வந்திருக்க மாட்டேன். மகன் பிள்ளைகுட்டியோடு வந்ததிலிருந்து நானே திண்ணையில்தான் படுக்கிறேன். சாவி உன் அண்ணாச்சியிடம் இருக்கிறது. அவர் என்ன சொல்வார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோயில் வரி யார் பேரில் எழுதுவது, கொடைக்கு வீட்டு வாசலில் சப்பரம் நிற்குமா நிற்காதா, எல்லாம் வரும். வீடு உன் பேரில் இருக்கிறது, அண்ணாச்சி பேரில் இல்லை.

முடியாது என்றால் முடியாது என்றே சொல். வெள்ளையடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாதே, அது கேட்டு அலுத்துவிட்டது. அண்ணாச்சியிடம் பேசிவிட்டு எனக்குப் போன் பண்ணு. எஸ்டேட்டிடம் இன்னும் வாயே திறக்கவில்லை.

உன்,
ஒட்டடைக்குச்சி

பி.கு.: கிணற்று மோட்டார் ஓடவில்லை. நீ சரி என்றால் ஆளைக் கூட்டிப்போய் நான் பார்க்கிறேன், செலவு உன்னுடையது.