பெட்டி மூடியில் இருக்கும் எண்

கேம்பிரிட்ஜ்ஷயர்
17 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கு நலம். உன் முழங்கால் வலி தேவலையா? மழை நிலவரம், வெண்ணாற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது, எல்லாம் தம்பி ஃபோனில் சொல்லிவிட்டான். அப்புறம் கடிதம் எதற்கு என்று கேட்பாய். மாமா பேச்சை எடுத்தாலே "அடுப்பில் பால் இருக்கு" என்று ஃபோனை வைத்துவிடுகிறாய். கடிதத்தையும் மடித்து வைக்கலாம்தான். ஆனால் மத்தியானம் எல்லோரும் தூங்கிய பிறகு மறுபடி எடுத்துப் படிப்பாய், எனக்குத் தெரியும்.

இந்த ஊரைப் பற்றி உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும்போது இரண்டு பக்கமும் எப்படித் தட்டையாக வயல் கிடக்குமோ, இங்கும் அப்படித்தான். ஃபென்ஸ் என்கிறார்கள். ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்ததை வாய்க்கால் வெட்டி வடியவைத்து நிலமாக்கியிருக்கிறார்கள். சில இடங்கள் கடல் மட்டத்துக்கும் கீழே. நாம் ஜூன் 12 ஆனால் மேட்டூரைத் திறப்பார்களா என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்போம். இவர்கள் வருடம் முழுக்க மோட்டார் போட்டுத் தண்ணீரை வெளியே இறைக்கிறார்கள்! மதகு உண்டு, கொக்கு உண்டு, நெல்தான் கிடையாது. இப்போது ரோடெல்லாம் சர்க்கரை பீட்ரூட் லாரி, நம் கரும்பு லாரி மாதிரியே சிந்திக்கொண்டு போகிறது. நாலு மணிக்கு இருட்டிவிடுவதுதான் இன்னும் பழகவில்லை. பொன்னி அரிசிக்கு பீட்டர்பரோ வரைக்கும் போக வேண்டும்.

முதியோர் இல்லத்தில் என் பொறுப்பில் எட்டுப் பேர். அதில் ஒரு பாட்டிக்கு 93 வயது. போன ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெரு முனையில் இருக்கும் கல்லுக்குத் தன்னைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். இந்த நாட்டில் அநேகமாக எல்லா ஊரிலும் அப்படி ஒரு கல் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து சண்டைக்குப் போய்ச் செத்த பிள்ளைகளின் பேர் அதில் வெட்டியிருக்கும். முதல் உலகப் போருக்குப் போன எல்லோரும் உயிரோடு திரும்பிய ஊர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சேர்த்தே ஐம்பத்துச் சொச்சம்தானாம். அந்த ஊர்களுக்குத் தனிப் பேர்கூட உண்டு. நம் பக்கமாக இருந்தால் கொடுத்துவைத்த ஊர்கள் என்போம்.

ஊருக்கு ஊர் ஏன் கல் என்று பாட்டியிடம் கேட்டேன். உடம்பு வரவில்லையே, அதனால்தான் என்றார். எத்தனை பெரிய வீட்டுப் பிள்ளையானாலும் விழுந்த நாட்டிலேயே புதைக்க வேண்டும், ஊருக்குக் கொண்டுவரக் கூடாது என்று 1915-லேயே தடை போட்டுவிட்டார்களாம். கும்பிட ஒரு இடம் வேண்டாமா?

பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் எல்லோரும் பேசாமல் நின்றார்கள். கைக்குழந்தை ஒன்று மட்டும் அழுதது. அப்புறம் ஒரு பள்ளிக்கூடப் பெண் ஒவ்வொரு பேராக வாசித்தாள், ரேஷன் கடையில் கூப்பிடுவது போல. ஒரே குடும்பப் பேர் மூன்று தடவை வந்தது. பாட்டியின் அண்ணன் பேர் வந்தபோது, கதை கேட்கிற பிள்ளை மாதிரி அவர் "ம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த அண்ணன் கேம்பிரிட்ஜ்ஷயர் ரெஜிமெண்ட். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பான்காரர்களிடம் கைதியாகி, மறு வருடம் சயாம் ரயில் பாதை போடும் இடத்தில் இறந்திருக்கிறார். வயது 21. காஞ்சனபுரியில் கல்லறை இருக்கிறது, படத்தைக் காட்டினார். மலாயா தோட்டங்களிலிருந்து நம் ஜனங்களையும் அதே ரயில் பாதைக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுபோய்ச் சாகடித்தார்கள் என்று சொன்னேன். அவர்களுக்கு ஆளுக்கொரு பேர் வெட்டின கல் கிடையாது என்றும் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அங்கே நிற்கும்போது மாமாதான் மனசில் இருந்தார். 1971 சண்டை டிசம்பர் 3-ஆம் தேதி தொடங்கி 16-ஆம் தேதி முடிந்துவிட்டது. ஜெயித்த செய்தியை ரேடியோவில் கேட்டு, தாத்தா தெருவுக்கே கற்கண்டு கொடுத்தாராமே. தந்தி வந்தது அதற்கு நாலாம் நாள். உனக்குப் பதினாறு வயது. வந்தது பெட்டி மட்டும். அப்போதெல்லாம் விழுந்த இடத்துப் பக்கத்திலேயே எரித்துவிடுவார்கள்.

இதெல்லாம் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெலிங்டனில் பயிற்சி முடித்து முதல் லீவில் வந்தவர், ஆற்றங்கரைப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று கத்திக்கொண்டே தண்ணீரில் குதிக்கச் சொன்னாராம். எனக்குக் காது குத்தியபோது உன் பெரியப்பா மகன் மடியில் உட்காரவைத்தீர்கள். மாமாவுக்கென்று நீ வாங்கிய வேட்டியை அவருக்குக் கொடுக்காமல் பைக்குள்ளேயே திருப்பிக் கொண்டுவந்தாயாம். அதுவும் சித்தி சொன்னதுதான். அவளைத் திட்டாதே.

நானே கண்டது ஒன்று உண்டு. 1999. கார்கிலில் மேஜர் சரவணன் மே 29-ஆம் தேதி விழுந்து, ஒரு மாதத்துக்கு மேல் மலையிலேயே கிடந்து, அப்புறம்தான் திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். டிவியில் காட்டினார்கள். வீட்டில் எல்லோரும் அழுதோம், நீ அழவில்லை. "இவன் ஆத்தாவுக்காவது உடம்பு வந்துச்சு" என்றாய். சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாய். அன்றைக்கு அந்த அரிசியை எத்தனை தண்ணீர் களைந்தாய் என்று உனக்கு நினைவிருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டெல்லியில் இந்தியா கேட் பக்கத்தில் 2019 பிப்ரவரியில் தேசியப் போர் நினைவிடம் திறந்தார்களே, சுதந்திரத்துக்குப் பிறகு இறந்தவர்கள் பேரை அங்கே சுவர் சுவராகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். 25,000-க்கு மேல். மாமாவும் அதில் இருக்க வேண்டும். தம்பி தை மாதம் வேலையாக டெல்லி போகிறானாம், அவனைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அத்தனை பேரில் தேட, பேர் மட்டும் போதாது. ஒரே பேரில் பத்துப் பேர் இருப்பார்கள். ராணுவ எண் வேண்டும். நானும்தான் இந்தக் கடிதம் முழுக்க மாமா, மாமா என்றே எழுதியிருக்கிறேன், பேரை ஒரு தடவைகூட எழுதவில்லை. உன்னைச் சொல்லி என்ன?

எண் அந்த டிரங்குப் பெட்டியின் மூடியில் இருக்கும். நீ விதை உளுந்து போட்டு வைத்திருக்கிறாயே, அதேதான். அப்பா மேலே பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டாலும், அடியில் வெள்ளை எழுத்து மேடாகத் தட்டுப்படும். சின்ன வயதில் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். யாரையும் சுரண்ட விடாதே. ஒரு காகிதத்தை மேலே வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து தானாக வரும். அதை நீயே செய்து, தம்பியிடம் கொடுத்து அனுப்பு.

உளுந்தை வேறு டப்பாவில் கொட்டிக்கொள்.

உன் மகள்